துடுப்பைக் கொடுக்காத பையன்

பாலக்கரையில் ஒரு பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் கவுண்டரில் நாளெல்லாம் பேசுகிறேன். காலையில் கடைக்குக் கிளம்புவதற்கு முன், ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மொட்டை மாடியில் நின்று என் இணையச் சேனலுக்காக அனிமே பற்றிப் பேசுகிறேன். பேச்சு ஒன்றுதான், கேட்கிறவர்கள்தான் வேறு. கடைக்கு வருகிறவர் கிளட்ச் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, இது எவ்வளவு நாள் வரும்?" என்பார். சேனலுக்கு வருகிறவர், "அண்ணே, இது எத்தனை சீசன் போகும்?" என்பார். இரண்டுக்கும் தெரிந்ததை மட்டும் சொல்லி, தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லிவிட்டால் இரண்டு இடத்திலும் மரியாதையாக நிற்கலாம்.

அனிமே என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வரி. ஜப்பான்காரர்கள் வரைந்து எடுக்கும் தொடர்கள். எங்கள் அம்மா அதைப் பொம்மைப் படம் என்கிறார். கீழ்வீட்டு மாமி, என் காலை ஒலிப்பதிவு தன் முற்றம் வரைக்கும் கேட்பதால் முக்கால்வாசிக் கதையும் தெரிந்தவர், அதை 'உன்னோட உபந்யாசம்' என்கிறார். "இன்னிக்கு என்னடாப்பா, போன தடவை அந்தப் பிள்ளையை மலை உச்சியிலயே விட்டுட்டு எழுந்து போயிட்டியே, இறங்கினானோ?" என்று குழாயடியில் நிறுத்திக் கேட்பார். இறங்கிவிட்டான் மாமி என்றால்தான் வண்டியை எடுக்க விடுவார்.

நான் விமர்சனம் எங்கேயும் படித்து வந்தவன் இல்லை. ஊர் வாயிலிருந்து எடுத்துக்கொண்டது. ஒரு பொருளை, ஒரு ஆளை, ஒரு விசேஷத்தை ஒரே வாக்கியத்தில் எடைபோட்டுத் தள்ளிவிடுவதில் எங்கள் ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தர், பெண் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றிச் சொன்னார்: "பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு, எந்திரிக்கத்தான் மாட்டேங்கிறாங்க." வசனமாகவே இழுக்கும் எபிசோடுகளுக்கு இதைவிட நல்ல தீர்ப்பு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் படிக்கட்டில் நின்ற ஒருவரிடம் கண்டக்டர் கேட்டது: "உள்ளயும் போக மாட்டீங்க, கீழயும் இறங்க மாட்டீங்க. நடுவுல நின்னுக்கிட்டு எனக்கு எதுக்குங்க வழி சொல்றீங்க?" சீசன் நடுவில் வந்து தத்துவம் பேசும் எபிசோடுகளுக்கு அது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று வைத்திருக்கிறேன். மணப்பாறையில் பஸ் ஜன்னலுக்கு முறுக்கு நீட்டிய அம்மாவிடம் ஒருவர், மொறுமொறுப்பா இருக்குமா என்று கேட்டார். "கடிங்க, உங்களுக்கே கேக்கும். நான் எதுக்கு நடுவுல?" என்றார் அந்த அம்மா. நான் வாயை மூடிக்கொள்ள வேண்டிய அளவுக்கு நன்றாக இருக்கும் எபிசோடுகளுக்கு மட்டும் அதைச் சொல்வேன். வருஷத்தில் ஒன்றோ இரண்டோ தேறும்.

நட்சத்திரம் கொடுப்பது, பத்துக்கு இவ்வளவு என்பதெல்லாம் என்னிடம் கிடையாது. இரண்டே விதிகள் உண்டு. ஒரு எபிசோடைப் பார்த்த கையோடு விமர்சனம் சொல்லிவிட வேண்டும், சொல்லும்வரை அடுத்ததைத் தொடக் கூடாது. இது முதலாவது. பார்க்காததைப் பற்றிப் பேசக் கூடாது. இது இரண்டாவது. வாராவாரம் புதிதாக வரும் தொடர்களுக்கு முதல் விதி தானாகவே அமைந்துவிடும், அடுத்தது கைக்கே கிடைக்காது. பழைய தொடர்களில்தான் கஷ்டம். முழுவதும் கண்முன்னால் இருக்கும், விரலை அடக்க வேண்டும். அடக்கினேன். இந்த ஒழுக்கம்தான் என்னைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

மாட்டியது ஒரு படகுத் தொடரில். ஏரிக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்று, துடுப்புப் போடும் பையன்கள், ஆளுக்கொரு ஒல்லிப் படகு, படகுக்கு இரண்டு துடுப்பு. கதாநாயகன் வாயாடி. எதிரணிப் பையன் ஒருவன் உண்டு, ஒரு கண்ணை எப்போதும் முடி மறைத்திருக்கும், அதிகம் பேசமாட்டான். நான் பள்ளியில் படித்த காலத்தில் இது தமிழில் டப்பிங் ஆகி டிவியில் வந்தது. என் வயதுக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும், அது மின்வெட்டுக் காலம். எங்கள் பகுதியில் கரண்ட் போகும் நேரமும் அந்தத் தொடர் ஓடும் நேரமும் பாதிக்குப் பாதி மோதிக்கொண்டன. விளம்பர இடைவேளை வரும், கரண்ட் போகும். ஸ்ரீரங்கத்தில் அந்தத் தொடரின் பின்பாதியைப் பார்த்தவர்கள் இன்வெர்ட்டர் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான். எங்கள் வீட்டில் அது இல்லை. 

ஆனால் எனக்குக் கைலாசபுரத்தில் ஒரு அக்கா இருந்தாள். பெரியப்பா மகள். பெரியப்பாவுக்குத் தொழிற்சாலை வேலை, டவுன்ஷிப் வீடு. அங்கே எங்களுக்குப் போவது மாதிரி கரண்ட் போகாது. ஆகவே ஒவ்வொரு நாளும் அம்மாவின் செல்போனை வாங்கிக்கொண்டு இருட்டில் உட்காருவேன். எபிசோடு முடிந்ததும் அக்கா கூப்பிட்டு மிச்சக் கதையைச் சொல்வாள். மறுநாள் வகுப்பில் அந்தக் கதையை நான் சொல்வேன். சொல்லும்போது 'அக்கா சொன்னாள்' என்று சொன்னால் யார் கேட்பார்கள்? 'பார்த்தேன்டா' என்றுதான் ஆரம்பிப்பேன். அப்படிச் சொல்லிச் சொல்லி, உண்மையிலேயே பார்த்தவனாகிவிட்டேன். துடுப்பிலிருந்து நீர் சொட்டுவது, படகு ஆடுவது, எல்லாம் கண்ணுக்குள் இருந்தது.

அதில் ஒரு காட்சிதான் நான் பேச வந்ததற்கே காரணம் என்று சேனலில் பலமுறை சொல்லியிருக்கிறேன். போட்டி நடுவில் கதாநாயகனின் ஒரு துடுப்பு உடைந்துவிடுகிறது, அந்தத் தடுமாற்றத்தில் இன்னொன்றும் கைநழுவித் தண்ணீரில் போய்விடுகிறது. முன்னால் போய்க்கொண்டிருந்த எதிரணிப் பையன் நிறுத்தி, தன் துடுப்பில் ஒன்றைக் கழற்றி அவனிடம் வீசுகிறான். ஸ்பாய்லர் ஆகிவிடும் என்று காட்சியைச் சொல்லாமல், 'படகுப் போட்டி எபிசோடு வரட்டும், அப்புறம் பேசுவோம்' என்று மட்டும் ஆசை காட்டி வைத்திருந்தேன். முதல் எபிசோடிலிருந்து வரிசையாக விமர்சனம் செய்துகொண்டே வந்தேன். அந்த எபிசோடு நெருங்கியது.

அப்போதுதான் திருச்சியில் ஒரு கல்லூரியின் அனிமே கிளப்பிலிருந்து அழைப்பு. அந்த எபிசோடைத் தங்கள் அரங்கத் திரையில் போட்டு, முடிந்ததும் நான் நேரில் பேச வேண்டும். கிளப் செயலாளர் மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண். போனில் அவள் பேச்சு ரயில்வே அறிவிப்பு மாதிரி தெளிவாக இருந்தது.

"போஸ்டருக்கு ஒரு சீன் வேணும்ங்க அண்ணா. எங்க ஆளு ஒருத்தன் நல்லா வரைவான், ஆனா இந்தத் தொடர் பார்த்ததில்ல. நீங்க சொன்னீங்கன்னா வரைஞ்சுடுவான்."

சொன்னேன். முடி ஒரு கண்ணை மறைப்பது, நீட்டிய கை, துடுப்பிலிருந்து சொட்டும் நீர், எல்லாம் சொன்னேன். பையன் பிரமாதமாக வரைந்திருந்தான். போஸ்டர் கல்லூரிச் சுவரிலும் வந்தது, போன் போனாகவும் போனது. அன்று கடையில் டீ வரும் நேரத்துக்குள் கமெண்டுகள் குவிந்துவிட்டன.

"அண்ணே, இது எந்த ஏரி?"

"இப்படி ஒரு சீனே இல்லையே, முழுத் தொடரும் ரெண்டு தடவை பார்த்திருக்கேன்."

"ஒத்தைத் துடுப்பை வெச்சுக்கிட்டு ஓட்டினா படகு வட்டம்தான் போடும். ரெண்டு பேருமே வட்டம் போட்டாங்களா?"

இந்தக் கடைசிக் கமெண்ட்தான் என்னை உட்கார வைத்தது. இத்தனை வருஷமாக எனக்கு அது தோன்றவே இல்லை. டீ கிளாஸை வைத்துவிட்டு, என் விதியை மீறி, முந்தின எபிசோடின் விமர்சனம் பாக்கியிருக்கும்போதே, போனில் அந்த எபிசோடின் கடைசிச் சில நிமிஷங்களை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். துடுப்பு உடைகிறது, இன்னொன்றும் கைநழுவிப் போகிறது. எதிரணிப் பையன் ஒரே ஒருமுறை திரும்பிப் பார்க்கிறான். பிறகு குனிந்து, துடுப்பை வலித்து, போய்க்கொண்டே இருக்கிறான். ஜெயிக்கிறான். கரையில் தனியாக உட்கார்ந்து தண்ணீரில் கையைக் கழுவுகிறான். முடிந்துவிட்டது. வீசுவதும் இல்லை, பிடிப்பதும் இல்லை.

அக்கா இப்போது தில்லைநகரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். கூப்பிட்டேன்.

"அக்கா, அந்தப் படகுப் போட்டி எபிசோடு ஞாபகம் இருக்கா?"

"துடுப்பைத் தூக்கிப் போடுவானே, அதுவா? என்னடா இந்நேரத்துல?"

"அவன் போடவே இல்லக்கா. இப்பத்தான் பார்த்தேன்."

அக்கா கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே பேசினாள்.

"சரி, போடல. அதுக்கென்ன இப்ப?"

"அப்ப நீ சொன்னது?"

"டேய், நீ போன்ல மூச்சுகூட விடாம காத்துக்கிட்டு இருந்தே. அவன் பாட்டுக்குப் போயிட்டான்டா, கதை அவ்வளவுதான்டான்னு சொல்லி போனை வெக்கச் சொல்றியா? எனக்கே ஆறல. அதான் ஒரு துடுப்பைக் குடுத்தேன்."

"இதுமாதிரி வேற என்னென்ன குடுத்தே?"

"அதையெல்லாம் எழுதியா வெச்சிருக்கேன்? போடா, ரிட்டர்ன் ஃபைல் பண்ற நேரம்." வைக்கப்போனவள் திரும்ப வந்தாள். "எப்பன்னு சொன்னே, அந்த காலேஜ்ல? சனிக்கிழமையா? நானும் வரேன்."

"நீ எதுக்கு?"

"என் கதையைப் பத்தி ஊரே பேசுது. நான் இல்லாம எப்படிடா?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் விஷயம் சிரிப்போடு நிற்கவில்லை. சேனலில் என்னை நம்பி வருகிறவர்கள் எதை நம்பி வருகிறார்கள்? இவன் அலங்காரமாகப் பேசமாட்டான், பார்க்காததைச் சொல்லமாட்டான் என்று. அது போய்விட்டால் கண்டக்டரும் முறுக்கு அம்மாவும் சொன்னதை நான் எடுத்துச் சொல்லி என்ன, சொல்லாமல் என்ன? எபிசோடு நன்றாக இருக்கிறது என்று இனி நான் சொன்னால், இவன் எந்த எபிசோடைச் சொல்கிறான் என்று கேட்பார்களே.

தப்பிக்க ஒரு வழியை கமெண்டில் இருந்த என் ஆதரவாளர்களே வெட்டி வைத்திருந்தார்கள். "தமிழ் டப்பிங்ல சீனை மாத்தியிருப்பாங்க. அப்பல்லாம் அப்படித்தான் வெட்டி ஒட்டுவாங்க. அண்ணன் அதைத்தான் சொல்றாரு" என்று ஒருவர் எழுத, அதற்கு விருப்பக்குறி மேல் விருப்பக்குறி. அந்தத் தமிழ்ப் பதிப்பு இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், யாராலும் இல்லை என்று நிரூபிக்க முடியாது. நான் எழுதவில்லை. கவுண்டரில் நிற்கிறவனுக்கு ஒன்று தெரியும். தவறாக மாற்றிக் கொடுத்த பாகத்தை வாடிக்கையாளர் திரும்பக் கொண்டுவந்து வைத்தால், கம்பெனி மேல் பழியைப் போட்டு அனுப்பிவிடலாம். அவர் போய்விடுவார். போனவர் போனவர்தான்.

சனிக்கிழமை மதியம் அக்காவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். கல்லூரி வாசலில் அந்தப் போஸ்டர் என் உயரத்துக்கு நின்றது. அக்கா வண்டியை நிறுத்திவிட்டு அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் சொன்னப்ப இவ்வளவு நல்லா இல்லடா. பையன் நல்லா வரைஞ்சிருக்கான்" என்றாள்.

அரங்கத்தில் முன்வரிசைகளில் மாணவர்கள். பின்னால் என் வயதுக்காரர்கள் கொஞ்சம் பேர், சேனல் கேட்கிறவர்கள், சிலர் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். செயலாளர் மைக்கை என் கையில் கொடுக்கவில்லை, தானே வைத்துக்கொண்டாள்.

"எபிசோடு போடறதுக்கு முன்னாடி ஒரு கேள்விங்க அண்ணா. போஸ்டர்ல இருக்கற சீன் எபிசோடுல இல்லன்னு எல்லாருக்கும் தெரியும். டப்பிங்ல அப்படி இருந்துச்சா?"

"இல்லைங்க. டப்பிங்லயும் இல்ல. நான் பின்பாதியைப் பார்த்ததே இல்ல, கரண்ட் போயிடுச்சு. கைலாசபுரத்துல இருந்து எங்க அக்கா போன்ல சொன்னாங்க. சொன்னதைப் பார்த்ததா நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அக்கா வந்திருக்காங்க, அதோ."

அக்கா எழுந்து நின்று கல்யாண வீட்டில் கும்பிடுவது மாதிரி எல்லோரையும் கும்பிட்டாள். ஒரே கைத்தட்டல். பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"எங்களுக்கு மணப்பாறைங்க. எங்க ஊர்லயும் அதே நேரம்தான் கரண்ட் போவும். எங்க தெருவுல இன்வெர்ட்டர் வெச்சிருந்தவன், ஏரிக்குள்ள இருந்து முதலை வந்துச்சுன்னு சொன்னான். ரெண்டு பேரும் ஒரே படகுல ஏறித் தப்பிச்சாங்களாம்."

பொன்மலையிலிருந்து வந்த பெண் ஒருத்தர் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "எங்க குவார்ட்டர்ஸ்ல அவன் கப்பை ஜெயிச்சு இவன்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டான்" என்றார். உறையூர்க்காரர் ஒருவர் அப்படியெல்லாம் இல்லை, இரண்டு பேருடைய அப்பாவும் ஒரே ஆள் என்று தெரியவந்து போட்டியையே நிறுத்திவிட்டார்கள் என்றார். மாணவர்கள் நாற்காலியில் உருண்டு சிரித்தார்கள். கரண்ட் போன ஊர் முழுக்க ஆளாளுக்கு ஒரு முடிவு வைத்திருந்திருக்கிறோம். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. சரி, நாம் தனியாள் இல்லை, பிழைத்தோம் என்று நினைத்தேன்.

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"இவங்க யாரும் ரிவ்யூ போடலைங்க அண்ணா. நீங்க போடறீங்க. நல்லா இல்லாத தொடரை நல்லா இல்லன்னு நீங்க சொன்னதால நான் பார்க்காம விட்டதெல்லாம் இருக்கு. இப்ப நீங்க சொல்றதை எதை வெச்சு நாங்க நம்பறது?"

நியாயமான கேள்வி. அவளைப் பிடித்தும் போனது. இப்படி நேராகக் கேட்கிற வாடிக்கையாளர்தான் கடைக்குத் திரும்ப வருவார்.

"என் ஞாபகத்தை நம்ப வேண்டாம். எபிசோடைப் போடுங்க. கடைசியைத் தவிர மத்ததை நானும் இப்ப திரும்பப் பார்க்கல. இங்கயே, உங்க கண் முன்னாடி ரிவ்யூ பண்றேன். எங்க நிறுத்தணும்னு நான் சொல்றேன். தப்புன்னு தோணினா அங்கயே கையைத் தூக்குங்க."

விளக்கை அணைத்தார்கள். ஜப்பானிய ஒலி, கீழே ஆங்கில எழுத்து. ஆரம்பப் பாட்டு முடிந்தது, போட்டி நாள், கரையில் கூட்டம், படகுக் கொட்டகை, கதவருகே பயிற்சியாளர். கதாநாயகன் வழக்கம்போல் வாயடித்துக்கொண்டிருக்கிறான். எதிரணிப் பையன் கொட்டகைக்குள் நடந்து வருகிறான், சுவரில் சாய்த்துவைத்த துடுப்புகளைக் கடக்கிறான், ஒன்றின் பக்கத்தில் நிற்கிறான், விரலை வைத்து ஓர் இடத்தில் தடவுகிறான். "இதை வைத்துக்கொண்டா போகிறாய்?" என்கிறான். கதாநாயகன் துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு, "உன் வேலையைப் பார்" என்கிறான்.

"நிறுத்துங்க" என்றேன்.

நிறுத்தினார்கள். விரல் துடுப்பின் மேல் இருந்தது. கைப்பிடியில் சுற்றிய வெள்ளை டேப்புக்குக் கொஞ்சம் கீழே.

"இந்த இடத்தைப் பார்த்து வெச்சுக்கங்க. இப்ப ஓட விடுங்க."

போட்டி. வெய்யிலில் பளபளக்கும் ஏரி. துடுப்பு உடைந்தது. மறுபடி நிறுத்தச் சொன்னேன். வெள்ளை டேப்புக்குக் கொஞ்சம் கீழே. அதே இடம்.

முன்வரிசையில் யாரோ "அடப்பாவி" என்றார்கள்.

இந்தக் காட்சியைச் சின்ன வயதில் நான் உண்மையிலேயே பார்த்தவன். கொட்டகைக் காட்சி முன்பாதியில் வருகிறது, கரண்ட் போகாத பாதி. அவன் கிண்டல் செய்கிறான், வில்லத்தனம் என்று எடுத்துக்கொண்டேன். டப்பிங் குரல் கிண்டலாக இருந்ததா என்று கேட்டால் சொல்ல மாட்டேன், என் ஞாபகத்தை இனி சாட்சிக்குக் கூப்பிடுவதாக இல்லை. இப்போது கேட்டது தாழ்ந்த, அக்கறையான குரல். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அவன் துடுப்பைக் குடுக்கலைன்னு எனக்கு அன்னிக்கு ஆறல, எங்க அக்காவுக்கும் ஆறல, மணப்பாறைக்காரருக்கு ஆறாம முதலையையே கொண்டுவந்துட்டாங்க. ஆனா அவன் குடுக்க வேண்டியதைக் குடுத்துட்டுத்தான் படகுல ஏறியிருக்கான். எச்சரிக்கை குடுத்துட்டான். வாங்கிக்கல. அதுக்கப்புறம் நடுத்தண்ணியில நின்னு துடுப்பை வீசினா அது போட்டியே இல்ல. கடைசியா அவன் கையைக் கழுவறான்ல, அந்தக் கையைப் பாருங்க. ஜெயிச்ச கை மாதிரியா இருக்கு?"

ஓடவிட்டார்கள். தண்ணீருக்குள் அவன் கை. உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். மூடப் பார்க்கிறான், மூட முடியவில்லை. கடையில் அவசரமாகப் பார்த்தபோது இது என் போனில் நகத்தளவுக்குத் தெரிந்திருந்தது.

"என் தீர்ப்பு இதுதான்" என்றேன். "இந்த எபிசோடு நல்ல எபிசோடு. எங்க அக்கா போட்ட முடிவு இதைவிடக் கீழ. அது சாப்பிடறவங்க கேக்கறதுக்கு முன்னாடியே பாயசத்துல இன்னொரு கரண்டி சக்கரை போடற வேலை."

"ஏய்!" என்று அக்கா எழுந்துவிட்டாள். "ஓசியில கதை கேட்டவன் பேசற பேச்சைப் பாருங்க! அத்தனை வருஷம் அதையே சொல்லித்தானடா கிளாஸ்ல பேர் வாங்கினே?"

"கதை நல்லாத்தான் இருந்துச்சுக்கா. ஆனா ஆளுக்கொரு துடுப்பு வெச்சா ரெண்டு படகும் வட்டம் போடுமே?"

"போடட்டும்! அப்படிச் சுத்திச் சுத்தி ரெண்டும் ஒண்ணா மோதித்தான் சிநேகிதமாச்சுங்க. அதை நான் இவன்கிட்ட சொல்லல, அதுக்குள்ள அம்மா போனை வாங்கிட்டாங்க."

அந்த இடத்திலேயே கட்டிய கதை அது. எனக்குத் தெரியும், அரங்கத்துக்கும் தெரியும். அன்று விழுந்த கைத்தட்டலில் பெரியது அதற்குத்தான். நானும் தட்டினேன்.

செயலாளர் கையை உயர்த்தினாள். மைக் அவளிடமே இருந்ததால் உயர்த்தத் தேவையில்லை, ஆனால் உயர்த்தினாள்.

"நான் ஒத்துக்க மாட்டேங்க அண்ணா."

"எதை?"

"அவன் எச்சரிக்கை குடுத்தான்னு சொன்னீங்கல்ல, அதை. 'இதை வெச்சுக்கிட்டா போறே'ன்னு கேட்டா அது எச்சரிக்கையா? எவன் கேப்பான்? விரிசல் விட்டிருக்கு, மாத்துடான்னு சொல்றதுக்கு ரெண்டு வார்த்தை போதும். அதை வாயில வெச்சுக்கிட்டே போனான். ஜெயிக்கவும் செஞ்சான். கைல கொப்புளம் வந்தா நல்லவனா?"

"அவன் எப்பவுமே அவ்வளவுதாங்க பேசுவான். முந்தின எபிசோடுலயும்..."

"பேசத் தெரியாதது குணம்னா, அதனால அடுத்தவன் துடுப்பு உடையறது என்னங்க?"

பின்வரிசையில் பொன்மலைக்காரம்மா, "அந்தப் பொண்ணு சொல்றது சரி" என்றார். மணப்பாறைக்காரர் என் பக்கம். முன்வரிசை இரண்டாகப் பிரிந்துவிட்டது. கொட்டகைக் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னார்கள், போட்டார்கள், மறுபடியும் போடச் சொன்னார்கள். அவன் விரலால் தடவிய பிறகு அந்த விரலையே ஒரு கணம் பார்க்கிறான், விரிசல் தெரிந்துதான் பேசுகிறான் என்றேன். தெரிந்தும் சொல்லாமல் போனான் என்பதற்கு அதுதான் ஆதாரம் என்றாள் அவள். நான் காட்டிய ஆதாரத்தை எடுத்து என்னையே அடிக்கிறாள். அரங்கத்தைப் பூட்ட வாட்ச்மேன் வந்து வாசலில் நின்று சாவியை ஆட்டிக்கொண்டிருந்தார். அவரும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் செஞ்சது தப்புத்தாங்க" என்று சொல்லிவிட்டு விளக்குகளை அணைக்க ஆரம்பித்தார்.

வெளியே வந்தும் செயலாளர் விடவில்லை. வண்டி நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தாள்.

"நீங்க உங்க ரிவ்யூவைப் போடுங்கண்ணா. நான் மறுப்பு போடறேன்."

"கண்டிப்பா போடுங்க. எங்கே போடுவீங்க?"

"எனக்கும் ஒரு சேனல் ஆரம்பிச்சுட்டாப் போச்சு" என்றாள். அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "நான் உன் பக்கம்தான் பாப்பா" என்றாள் அவளிடம். வரும் வழியெல்லாம், காவிரிப் பாலம் தாண்டும்வரை, என்னோடு பேசவில்லை. சக்கரைக் கரண்டிக் கோபம்.

என் விமர்சனம் மறுநாள் காலை போனது. போஸ்டர் விஷயத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லி முடித்துவிட்டு நேராகக் கொட்டகைக்குள் போனேன். அவளுடைய மறுப்பு திங்கட்கிழமை நான் கவுண்டரில் நிற்கும்போது வந்தது. கீழே கமெண்டுகள் அதற்குள் நீண்டிருந்தன. டேப்புக்குக் கீழே விரிசல் வரையப்பட்டிருக்கிறதா, வெறும் நிழலா என்று ஒருவர் படத்தை நிறுத்திப் பெரிதாக்கிப் போட்டிருந்தார். அந்தப் பையனுக்கு விரிசலைச் சொல்லும் கடமை உண்டா என்று இன்னும் இரண்டு பேர் வக்கீல்களைப் போல் மோதிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என் தீர்ப்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தேனா என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவள் பேச்சில் ஒரு இடம் பலவீனமாக இருந்தது. கொட்டகையில் இரண்டு பேரும் தனியாக இல்லை, பயிற்சியாளர் கதவருகே நிற்கிறார், அவர் எதிரில் விரிசலைச் சொன்னால் கதாநாயகனைப் போட்டியை விட்டே நீக்கியிருப்பார்கள். இதை அவள் கவனிக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு ஏறியது. எதிரில் பிரேக் ஷூ வாங்க வந்தவர் காத்துக்கொண்டிருந்தார். 

"என்ன தம்பி, தனியா சிரிக்கிறீங்க?"

"ஒரு நிமிஷம்ங்க" என்று சொல்லி, போனில் ஒலிப்பதிவை அழுத்தி, கதவருகே நிற்கும் பயிற்சியாளரிலிருந்து ஆரம்பித்தேன். பிரேக் ஷூ வாங்க வந்தவர் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்.